மடக்கிய ஆணி

தச்சர் அடித்த ஆணி கழன்றதாக யாரும் சொன்னதில்லை. பலகையைத் துளைத்து மறுபக்கம் நீட்டும் முனையை மடக்கி அறைந்துவிடுவார். அதனால் அவருக்குக் 'கெட்டி' என்றே பேர். புயல் வருகிறது என்றதும் தன் வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் வெளியிலிருந்து பலகை அடித்தார். கடைசியாகப் பின்கதவுக்கு வந்தார்.

"அதை மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"காத்து என்ன புது மாப்பிள்ளையா, கதவைத் திறந்து வெச்சு வரவேற்க?"

அடித்து முடித்ததும் உள்ளே வந்து முனைகளை மடக்கினார்.

காற்றுக்கு வீடு அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் வாசல் மரம் சாய்ந்து முன்கதவை அடைத்துக்கொண்டது. அதன் பிறகு தண்ணீர் வந்தது. காற்றைப் பற்றியே நினைத்திருந்தவர் தண்ணீரை நினைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று பின்கதவு ஆணிகளைப் பிடுங்கப் பார்த்தார். முனைகள் மரத்துக்குள் புதைந்திருந்தன. குறட்டுக்குப் பிடி கிடைக்கவில்லை. நெம்பியதில் உளியும் முறிந்தது.

"கெட்டியாத்தான் அடிச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. அவள் குத்திக்காட்டவில்லை. மேஜைமேல் நின்றபடி கையை நீட்டி அவரையும் மேலே இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் அவர்கள் பாதங்களைத் தொட்டது. மேஜையும் அவர் செய்ததுதான். ஆடவே இல்லை.