மெஷினைக் கெடுத்தது அவள்தான் என்றேன்

பச்சை நிறக் கல்யாண ரவிக்கை அது. மேல்பக்கம் தையல் ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு கிடந்தது. அதைத் தைக்கக் கொடுத்த பெண்ணுக்கு மறுநாள் காலை மலைக்கோயிலில் தாலி கட்டு. நான் விடிந்ததிலிருந்து பிரிப்பதும் தைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் என் ஓரகத்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவாள். அந்தக் குரலைக் கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தையல் மெஷின் மணவூரிலிருந்து என் அம்மா வீட்டுச் சீராக வந்தது. திருத்தணியில் எங்கள் தெருவுக்கே நான்தான் ரவிக்கை தைத்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து கொழுந்தனுக்கு மனைவியாக அவள் வந்த பிறகு, நான் ஓய்ந்த நேரத்தில் அவளும் மெஷினில் உட்கார்ந்தாள். ஆறே மாதத்தில், துணியோடு வருகிறவர்கள் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "சின்னவங்க இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் தைத்த கழுத்து உடம்போடு ஒட்டி நிற்கும். என்னுடையது சற்றே தூக்கும். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் பிறர் வாயால் கேட்கும்போது வயிறு எரிந்தது.

அன்று ஊசியை மாற்றிப் பார்த்தேன். அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றித் தூசி தட்டினேன். அதன் கூட்டில் இருக்கும் சிறு திருகை இறுக்கினேன். சுருள் இன்னும் அதிகமாயிற்று. மேலே நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகை எவ்வளவு இறுக்கியும் பலனில்லை. மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னும் ஆவலையா?" என்றார்.

"எப்பிடி ஆவும்? உங்க சின்ன மருமவ எதையோ திருகி வெச்சிருக்கா. மெஷினே கெட்டுப்போச்சு" என்று சமையலறைக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். நூலை முழுக்க உருவினாள். துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தாள். நான் இறுக்கிய திருகுகளைப் பழையபடி தளர்த்தினாள். தையல் ஓடியது, அடியும் மேலும் ஒன்றுபோல் இருந்தன. குனிந்து என் காதுக்கு மட்டும் சொன்னாள்: "காலைத் தூக்காம நூல் கோத்துட்டீங்கக்கா. டென்ஷன் தட்டுக்குள்ள நூல் ஒக்காரல. அதான் அடியில சுருண்டுகினு இருக்குது."

காலையில் நூல் கோத்தது நான்தான். மாமியார், "யாரு பண்ண வேல இது?" என்று அவளையே பார்த்துக் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நான் ரவிக்கையின்மேல் குனிந்துகொண்டேன்.

"பழைய மெஷின் அத்தே. அப்பப்ப இப்பிடித்தான் பண்ணும்" என்று சொல்லிவிட்டு மொச்சை உரிக்கப் போய்விட்டாள்.

என்னைக் காப்பாற்றினாளே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் என் மெஷினைத் தொடவே இல்லை. யார் கேட்டு வந்தாலும், "அக்கா தைப்பாங்க" என்று அனுப்பிவைத்தாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பிறகு சொந்தமாக ஒரு மெஷின் வாங்கினாள், தனிக்குடித்தனம் போனாள், ஸ்டேஷன் பக்கம் கடை போட்டாள். என் வாசலுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த ரவிக்கையைச் சித்திதான் தைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நானே துணியை எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். கடையில் நாலு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மகளை நிற்கவைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தவளிடம், எப்படியோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "அன்னிக்கு உம்மேல வீணா பழி போட்டேன்."

"ஆங்க்கா, தெரியும்" என்றாள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கோவத்துலதான் தனி மெஷின் வாங்கினேன். இல்லன்னா இந்தக் கடை ஏது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். என்றைக்காவது யாராவது எனக்கு அப்படி ஒரு கோபத்தை வரவழைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அவள்மேல் மறுபடியும் பொறாமையாக இருந்தது.