நித்திரையைக் கெடுக்கிற மிஸி

நோயாளியைத் தூங்கவைப்பதுதான் தாதியின், அதாவது மிஸியின், வேலை என்று நினைத்து வந்தவள் நான். எங்கள் மனநல வாட்டிலோ சிலரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளவும் சம்பளம் தருகிறார்கள். நித்திரை வராமல் முகட்டைப் பார்த்துக் கிடக்கும் உங்களுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

முதல் முறைப்பாடு

மனச்சோர்வு வந்த சிலரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கவைத்தால் விடியும்போது மனம் கொஞ்சம் இலேசாகும். எல்லோருக்கும் அல்ல. வைத்தியர் இல்லாமல் வீட்டில் செய்து பார்த்துவிடாதீர்கள்.

அப்படி மனச்சோர்வோடு வந்த தெல்லிப்பழை மலர் அக்கா வாய் திறந்து கதைத்தே பல நாள். கடதாசிச் சீட்டு விளையாடி, நடக்கவைத்து, அவரை விடியும்வரை விழித்திருக்க வைத்தோம். காலையில் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, சீனி காணாது."

குறை சொல்லி முறைப்படும் அளவுக்கு வந்துவிட்டாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவராத்திரி

அந்தச் சுகம் அடுத்த நித்திரையோடு பாதி கரைந்துவிடும் என்பதால் மருந்தும் கூடவே போனது. இந்தச் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு இருக்குமோ என்று எங்கள் டொக்டர் ஆராய்கிறார். மலர் அக்காவிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்.

"அம்மாவும் என்னைப்போலத்தான், மூலைக்குள்ளயே இருப்பா. சிவராத்திரி முழிச்ச அடுத்தநாள் மட்டும் சிரிச்சுச் சிரிச்சுச் சமைப்பா. நாங்கள் சிவன்ரை அருள் எண்டு நினைச்சம்" என்றார் மலர் அக்கா.

டொக்டர் சிரித்தார். "அருளும் இருக்கட்டும். விருப்பமெண்டால் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் இரத்தமும் தாங்கோ."

தங்கச்சி

சில மாதங்களில் மலர் அக்காவின் தங்கை வதனிக்கும் அதே மனச்சோர்வு வருத்தம். அக்காவைப் போலத் தானும் எழும்பிவிடலாம் என்று ஆசையோடு வந்தாள். இரவு முழுக்க ஒரு கணம்கூடக் கண் அயரவில்லை. விடிந்தது, ஒன்றும் மாறவில்லை.

"நான் சரியா முழிச்சிருக்கேல்லையோ, மிஸி?" என்று அழுதாள்.

டொக்டர் பக்கத்தில் இருந்து சொன்னார்: "ஒரு தாய் வயித்துப் பிள்ளையளெண்டாலும் எல்லாம் ஒரே மாதிரி வராது. உங்கடை ரெண்டுபேரின்ரை மூக்கைப் பாரும். உதில உம்மடை பிழை ஒண்டுமில்லை. வேறை வைத்தியம் இருக்கு."

தங்கைக்குத் துணையாக வந்திருந்த மலர் அக்கா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார். "நீ படு. உனக்காண்டி நான் முழிச்சிருக்கிறன்."

சொன்னவர்தான் முதலில் குறட்டை விட்டார். நான் மருந்தோடு திரும்பி வந்தபோது வதனி தன் போர்வையை அவருக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள்.

"மெல்ல வாங்கோ, மிஸி. அக்கா நித்திரை."

நித்திரையைக் கெடுக்கச் சம்பளம் வாங்கும் நான், அன்று சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அந்தக் கட்டிலருகே போனேன்.