அஞ்சடி ஆழம்

விருத்தாசலத்துக்கு வெளியே 2006இல் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டினார்கள். அங்கே கட்டுமானப் படம் வரைகிற வேலையில் இருந்தார் பிலோமின்ராஜ். படிகாரம் போட்டுத் தெளிந்த தண்ணீர் ஊருக்குப் போய்விடும். தொட்டியடியில் தங்கும் கொழகொழச் சேற்றைக் காயவைக்க அவர் படுகை வரைய வேண்டும். மெஷின் கிடையாது. கீழே ஜல்லி, அதன்மேல் மணல், மணல்மேல் ஓரடிச் சேறு. தண்ணீர் அடியில் வடியும், மிச்சத்தை வெயில் குடிக்கும்.

தகர டிரம்மில் ஓட்டை போட்டு நாற்பது நாள் சோதித்துப் பார்த்தார். எட்டுப் படுகை வேண்டும் என்று கணக்கு வந்தது.

பொறியாளர் ராஜ்மோகன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். “எட்டுக்கு எங்கய்யா எடம் இருக்குது? அஞ்சடி ஆழத்துல ரெண்டு போடு.”

“மேல மட்டும்தான் சார் காயும். பொருக்கு தட்டி தரை மாரி தெரியும். உள்ள சேறு அப்டியே இருக்கும்.”

“நீ டிப்ளமா. நான் பி.இ. மாத்திக் கையெழுத்துப் போடு.”

வேலை நிரந்தரமாகாத ஆள். போட்டுவிட்டார்.

மறு வருஷம் சித்திரையில் படுகை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், உடனே வழித்தாக வேண்டும். கூலிக்கு வந்த கொளஞ்சியம்மாள் மண்வெட்டியோடு கரையில் நின்று, பிலோமின்ராஜைத்தான் கேட்டாள்.

“எறங்கலாமா சார்?”

அவர் ராஜ்மோகனைப் பார்த்தார்.

“அதான் காஞ்சி கெடக்குதே, எறங்கும்மா” என்றார் ராஜ்மோகன்.

பிலோமின்ராஜ் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது எட்டில் பொருக்கு உடைந்தது. குள்ளமான பொம்பளை. உதற உதறக் கழுத்துவரை போனாள். “சார், சார்” என்று அவரைப் பார்த்தே கூப்பிட்டாள். பலகையும் கயிறும் வருவதற்குள் வாயில் சேறு ஏறிவிட்டது.

விசாரணையில் எட்டுப் படுகைப் படம் கோப்பில் இல்லை. அஞ்சடிப் படம் இருந்தது. அதில் ஒரே கையெழுத்து. பிலோமின்ராஜை வேலையைவிட்டு நீக்கினார்கள். ராஜ்மோகன் பதவி உயர்வில் கடலூர் போனார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்துப் பிலோமின்ராஜ் கொளஞ்சியம்மாளின் ஊரான நல்லூருக்குப் போனார். அவள் மகள் வாசுகியிடம், தன் கணக்கு சரிதான், மாற்றியது வேறு ஆள் என்று சொன்னார்.

அவள் முழுவதும் கேட்டாள்.

“அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும்தான எறங்க வுட்டீங்க?”

“ஆமாம்மா.”

“வூட்டுக்குள்ள வராதீங்க, போங்க” என்றாள்.

செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பிறகு ஒரு பீங்கான் பட்டறையில் மண் பிசையும் வேலைக்குச் சேர்ந்தார். முழங்கால்வரை களிமண்ணில் நிற்கவேண்டிய முதல் நாளிலேயே பதறி மேலேறப் பார்த்துக் கீழே விழுந்தார். அங்கும் அனுப்பிவிட்டார்கள்.