மொட்டைப் பெட்டிசம்

மாகிரட்டின் புருஷன் கிறிஸ்தோபர் ரேடியோவை நம்பாமல் விட்டது ஐம்பத்தெட்டாம் ஆண்டில். அவருடைய தம்பி பற்றிக் அப்போது கொழும்பில் வேலை பார்த்தான். கலவரம் தொடங்கிய கிழமை, ஊருக்கு வரவா விடவா என்று அவன் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில், நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று செய்தியில் சொன்னார்கள். நம்பி ரயில் ஏறினான். திருகோணமலைக்கு வந்து சேரவில்லை.

துறைமுகப் பண்டசாலையில் கிறிஸ்தோபரோடு வேலைசெய்த தாஹிர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேசன் ஸ்டேசனாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தான். தாஹிருக்குச் சிங்களம் நன்றாக வரும். அவன் முன்னுக்குப் போய் விசாரிப்பான். கிறிஸ்தோபர் வாய் திறக்காமல் பின்னால் நிற்பார். பத்து நாள் கழித்து வெறுங்கையோடு பாலையூற்று வீட்டுக்குத் திரும்பி வந்தவர், மாகிரட்டிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இனி இவங்கள் பயப்பட வேண்டாம் எண்டு சொன்னால், அண்டைக்கே நாங்கள் ஆயத்தமாகோணும்."

ஆயத்தம் என்றால் சும்மா ஆயத்தமில்லை. பின்னறையின் சீமெந்து நிலத்தை உடைத்து, துறைமுகத்தில் கழித்துவிட்ட நாலு எண்ணெய்ப் பரல்களைக் கழுவி உள்ளே இறக்கினார். குழி வெட்டியதும் பரல் சுமந்ததும் தாஹிர். இரண்டு பரலில் நெல், ஒன்றில் உப்பும் பருப்பும், ஒன்றில் நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம், காய்ச்சல் குளிசை. மண்ணெண்ணெய் வேறாகக் கிணற்றடியில். மேலே பலகை, பலகைக்கு மேலே பாய், பாய்க்கு மேலே மாகிரட்டின் தையல் மெசின். பிள்ளைகள் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையைப்போல அந்தப் பரல்களை அவர் பார்த்துக்கொண்டார். நெல்லுக்கு வேப்பிலை மாற்றுவதற்கென்று லீவு எடுத்த ஆள் அவர்.

எழுபத்தொன்றில் தெற்கே கிளர்ச்சி வெடித்து, இங்கேயும் ஊரடங்குச் சட்டம் வந்தபோது, அந்த நெல் உதவியது. அப்போது கிறிஸ்தோபர் கைமூடி இருக்கவில்லை. தாஹிரின் மனைவி ஸல்ஹா கடைசிப் பிள்ளையைப் பெற்றிருந்த நேரம். அவரே ஒரு சாக்கைச் சைக்கிளில் கட்டி, ஊரடங்கு தொடங்க முதல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாகிரட்டுக்கு அன்று புருஷனைப் பற்றி உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அந்த மனிதரை மாற்றியது எழுபத்துமூன்று. கூப்பன் அரிசி பாதியானது. வெளியிலிருந்து அரிசி வருவது நின்றது. பெர்மிட் இல்லாமல் ஒன்றிரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டு போனால் பொலிஸ் பிடித்தது. பதுக்கினால் மறியல், சிறைதான் என்று ரேடியோ நாளுக்கு நாலு தரம் சொன்னது.

"தங்கடை களஞ்சியத்தைக் காலியாக்கிப் போட்டு இப்ப என்ரை குசினிக்கை கைவிடப் பாக்கிறாங்கள்," என்றார் கிறிஸ்தோபர். தம்பலகாமத்திலிருந்து விறகு வண்டிலுக்கு அடியில் இன்னும் நெல் வந்தது. பரலில் கொள்ளாததை மாகிரட் சாக்கில் நிரப்பி நீல நூலால் வாய் தைக்க, அவர் குழியில் இறக்கினார். பரல் நெல்லின் மேலே சாம்பல் தூவி, உள்ளங்கையால் குறி வைத்தார். யாரும் ஒரு பிடி அள்ளினாலும் குறி கலையும். யாரும் என்றால் வீட்டில் வேறு யார்?

பிறகு நடிப்புத் தொடங்கியது. மரவள்ளித் தோலை வேலியோரத்தில், போவோர் வருவோர் காணும்படி கொட்டச் சொன்னார். சோறு ஆக்கும்போது குசினி யன்னல் பூட்டியிருக்க வேண்டும். விடியுமுன் மாகிரட் மற்றப் பெண்களோடு பேக்கரி வாசலில் பாண் கியூவில் நிற்க வேண்டும்.

"எங்களுக்குத்தான் தேவையில்லையே?" என்றாள் அவள்.

"நிக்காட்டில் ஏன் நிக்கேல்லை எண்டு கேப்பினம். போய் நில்லும்."

நின்றாள். பசித்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டுப் பூரணியும் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அதே வரிசையில் நின்றாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அவள் புருஷனுக்குக் கப்பல் குறைந்ததோடு வேலையும் இல்லை. ஒருமுறை மாகிரட் மனம் பொறாமல் பரலில் நெல் அள்ளிக் குற்றி, ஒரு சுண்டு அரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தாள். அன்று பின்னேரமே கிறிஸ்தோபர் குறி கலைந்ததைக் கண்டுபிடித்தார். கை நீட்டவில்லை; சத்தம்கூடப் போடவில்லை. "இண்டைக்குப் பூரணி, நாளைக்குப் பொலிஸ். என்னை மறியலுக்கு அனுப்ப விருப்பமெண்டால் சொல்லும்," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மாகிரட்டின் முறை வரும்போது பாண் முடிந்துவிட்டது. அவள் உள்ளுக்குள் நிம்மதியோடு திரும்பினாள். பூரணி பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்தாள். தன் பாணை நடுவால் பிய்த்து நீட்டினாள்.

"இதைப் பிடியுங்கோ அக்கா. அண்டைக்கு நீங்கள் உங்கடை வாயைக் கட்டி எனக்கு அரிசி தந்தனீங்கள். ஐயாவும் வெறும் வயித்தோடை எல்லே வேலைக்குப் போவார்."

வேண்டாம் என்று சொன்னால் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்தோபர் கேட்டார்: "பாண் கிடைச்சதே?" ஓம் என்றாள். அவர் அதைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை மாகிரட் பொலிசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினாள். கொப்பித் தாளில், இடது கையால், பெயர் போடாமல். பதுக்கிய நெல்லைப் பிடித்தால் கூட்டுறவுச் சங்கக்கடை வழியாகச் சனத்துக்கே பங்கிடுவோம் என்று பேப்பரில் வந்ததை அவள் நம்பினாள். புருஷனுக்குக் குற்றக்காசு விழும், வீட்டில் ஒரு மாதம் கதை பேச்சிருக்காது, பூரணி வீட்டில் உலை கொதிக்கும். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

ஜீப்பும் லொறியும் வந்தன. வந்தவர்கள் நேரே பின்னறைக்குப் போய்த் தையல் மெசினை நகர்த்தினார்கள். பதினொரு சாக்கு. கிறிஸ்தோபரை இரண்டு கிழமை றிமாண்டில் வைத்தார்கள். பண்டசாலை வேலையும் போனது.

மாகிரட் கூப்பனை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்கு மூன்று தரம் போனாள். "எந்த அரிசி அக்கா?" என்று மனேச்சர் கேட்டார். "ஒரு மணியும் இஞ்சை வரேல்லை." நாலாம் நாள், அதிகாரி ஒருவருடைய குவாட்டர்ஸ் முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டாள். சுவரோரம் மடித்திருந்த சாக்குகளின் வாயில் நீல நூல் தையல். அவள் கையால் தைத்த தையல்.

பூரணிக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. மாகிரட் பார்க்கப் போனபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, அந்தப் பாதிப் பாணை என்ன செய்தனீங்கள்?"

மாகிரட் வாசலோடு திரும்பி வந்துவிட்டாள்.

றிமாண்டிலிருந்து கிறிஸ்தோபர் வெளியே வந்த அன்று தாஹிர் சைக்கிளோடு காத்து நின்றான். பரல் இருக்கும் இடம் தெரிந்த ஒரே வெளியாள் அவன்தான்.

"காட்டிக்குடுக்க எத்தினை தந்தாங்கள்?" என்று கிறிஸ்தோபர் கேட்டார்.

"அண்ணன், நானா? நானா அண்ணன்?"

கிறிஸ்தோபர் நிலத்தில் துப்பிவிட்டு நடந்தார். மாகிரட் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு சொல் சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது, அவள் விழுங்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் விழுங்க விழுங்க, அது பழகிப்போய்விட்டது. அடுத்த வருஷம் தாஹிர் குடும்பத்தோடு கிண்ணியாவுக்குப் போனான்.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. கடைகள் நிறைந்தன. அதே வருஷம் கலவரமும் வந்தது. கிறிஸ்தோபர் புதுப் பரல் வாங்கினார். எண்பதில் கிண்ணியாவிலிருந்து தபாலில் ஒரு கலியாணக் காட் வந்தது. தாஹிரின் மூத்த மகள் நஜ்முன் நிஸாவுக்கு. கிறிஸ்தோபர் அதை வாசிக்காமலே அடுப்பில் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாகிரட் அங்கேயே, கையில் அகப்பையோடு, எல்லாவற்றையும் சொன்னாள். கொப்பித் தாள், இடது கை, நீல நூல், எல்லாம்.

அவர் கதிரையில் இருந்தபடி கேட்டார். கடைசியில் சிரித்தார்.

"ஏழு வருசம் கழிச்சு நல்ல கதை. அவன்ரை பழியைக் கழுவ உமக்கு என்ன தந்தவன்?"

"அந்தோனியார் அறிய நான்தான்."

"பொய்," என்றார். "நீர் செய்யமாட்டீர்."

மறுநாள் பின்னறைக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. திறப்பு அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. செத்த நாள்வரை அது அங்கேயேதான் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் ஆக்குவதற்குரிய அரிசியை அவரே அளந்து கொண்டுவந்து, குசினி வாசலில் வைத்துவிட்டுப் போவார். கையில் தரமாட்டார்.

எண்பத்திரண்டு மார்கழியில் அவரை அடக்கம் செய்தார்கள். தாஹிர் வந்தான். தலை நரைத்திருந்தது. வேலிப் படலைக்கு வெளியே செருப்போடு நின்றான். உள்ளே வரச் சொல்ல யாரும் இல்லை. மாகிரட்தான் படலையைக் கடந்து, ரோட்டுப் பக்கமாக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் பெட்டிசம்..."

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"நான் எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும். அண்ணன் தனக்குத் தானே எழுதமாட்டார். வேறை ஆருக்குத் தெரியும் அந்த இடம்?"

மாகிரட் இன்னும் கிட்டப் போனாள். "அப்ப ஏன் நீ அவரிட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அவருக்கு ஆரக்கா மிச்சம்?"

கடைசி கிண்ணியா பஸ் வர நேரமாகிவிட்டது என்றான். மாகிரட்டால் வழிகூட விட ஏலவில்லை. அவன்தான் அவளைச் சுற்றி விலகி ரோட்டுக்கு ஏறிப் போனான்.