டேப்பைப் பிடித்த கையும் நெஞ்சைப் பிடித்த கையும்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு மார்பு என்றால் அது ஒரு அளவு. முப்பத்தாறோ நாற்பதோ, டேப்பைச் சுற்றிப் பார்த்து, துணி ஓரத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டால் அதோடு சரி. அதற்குள்ளே இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது.

கடத்தூரில் சந்தைக்குப் போகிற வழியில் என் கடை. பேர் ஜமீலா. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஊருக்கெல்லாம் நான் பாயம்மா. எட்டாவது வரைக்கும் படித்தேன். பெண்ணும் பையனும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறவர். உங்களில் யாருக்காவது நெஞ்சு ஒரு தடவை தாறுமாறாக ஓடி, அதற்குப் பிறகு நினைத்த நேரத்தில் எல்லாம் வலித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

தடதடப்பு

வைகாசி முகூர்த்த சமயம். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற செல்வி, தங்கச்சி கல்யாணத்துக்குப் போட வேண்டிய பட்டு ஜாக்கெட்டை வாங்காமல் போவதில்லை என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் அதற்குக் கை மூட்டிக்கொண்டிருந்தேன். பாபினில் நூல் சிக்கினால் மிஷின் எப்படித் தடதடக்கும், அப்படி நெஞ்சுக்குள்ளே தடதடத்தது. பழக்கம், மிஷினைத்தான் முதலில் நிறுத்தினேன். அது நின்றது, இது நிற்கவில்லை.

கலிமா சொல்லிக்கொண்டே துணி மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். செல்வி தண்ணி கொடுத்தாள், விசிறினாள், வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள், தெருமுனை ஆட்டோவை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அவ்வளவு நல்ல பெண். என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்து, துப்பட்டாவைச் சரி செய்துவிட்டு, காதோரம் குனிந்து கேட்டாள்: "பாயம்மா, கொக்கி வெச்சிட்டீங்களா?"

ஒசூரின் கட்டளை

தருமபுரி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மறுநாளைக்குள் துடிப்பு தன் வரிசைக்கு வந்துவிட்டது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்புக்கு ஒரு மாத்திரை என்று கொடுத்தார்கள். பெரிய டாக்டர், "கொஞ்ச நாளைக்கு அப்பப்ப வலி வரும்மா, பயப்படாதீங்க. ஆனா வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கினா, கையில இழுத்தா யோசிக்காம வந்துடணும்" என்றார். பயப்படாமல் இருப்பதற்கும் யோசிக்காமல் வருவதற்கும் நடுவில் எங்கே நிற்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்தது.

என் பையன் ரஃபீக் ஒசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், மூன்றாவது மாடி வீடு. கடையை மூடிவிட்டு அங்கே வந்துவிடுங்கள் என்றான். பாசத்தில்தான் சொன்னான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாமல் உட்கார்ந்தால் நான் எதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்? இந்த நெஞ்சைத்தானே. மிஷின் சத்தம் ஒன்றுதான் அதன் சத்தத்தை அமுக்குகிறது. நான் அழுது பேசியதில், கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டான்: "இன்னொரு வாட்டி வலிக்குதுன்னு உங்க வாயில வந்துச்சு, அன்னைக்கே கடைக்குப் பூட்டும்மா."

அன்றிலிருந்து ரஃபீக் கேட்கும்போது எனக்கு வலிப்பதில்லை. மற்ற நேரத்தில் வலித்தது.

குண்டூசி

ஒருநாள் வந்த வலி வேறு மாதிரி. இடது பக்கம் குனிந்தால் சுருக், நிமிர்ந்தால் இல்லை. திரும்பக் குனிந்தால் திரும்பச் சுருக். தெரிந்த துவாவெல்லாம் ஓதினேன். வீட்டுக்காரர், பையனிடம் சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குடங்களை இறக்கி வைத்து, டிவிஎஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து க்ளினிக்குக்குக் கொண்டுபோனார். வழியில் ஒருமுறை மட்டும், "ஒக்காந்துதானே இருக்க?" என்று பின்னால் திரும்பாமல் கேட்டார்.

ஈசிஜி எடுக்க வந்த நர்ஸ் பொண்ணு புர்காவைக் கழற்றச் சொன்னாள். தையல்காரிகளுக்குத் தெரியும், துணியிலிருந்து எடுக்கிற குண்டூசியை எங்கே வைப்போம்? கைக்குப் பக்கத்தில், நம் ஜாக்கெட்டின் இடது மாரில்தான். ஒரு வரிசையே குத்தி இருந்தது, அதில் ஒன்று உள்பக்கமாகத் திரும்பி இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். ஈசிஜியும் எடுத்தாள், அது சரியாகவே இருந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "உள்ள ஒண்ணும் இல்லீங்க ஆன்ட்டி. வெளிய இருக்கிற கடையக் கொஞ்சம் காலி பண்ணுங்க."

நல்ல மனுசன்

உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்தால் வாடிக்கைக்காரர்கள் சும்மா வரமாட்டார்கள். பூண்டு வந்தது, மருதம்பட்டைப் பொடி வந்தது, பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா காட்டுத் தேன் கொண்டுவந்தார். டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வரிசையாக வைத்தேன். கடை இப்போது பாதி மருந்துக்கடை.

தேன் கொண்டுவந்த அம்மா எனக்கு ஆறுதல் சொல்ல ரொம்ப நேரம் இருந்தார். எல்லா ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்ததைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் பாயம்மா, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. நல்ல மனுசன்."

அளவு

அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களுக்குத் திரைக்குப் பின்னால் நிறுத்தி டேப் வைத்து எடுப்பேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் வந்திருந்தார். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து முன்னால் இரண்டு முனையையும் சேர்த்த நேரத்தில் எனக்கு வலி பிடித்தது. அசைந்தால் கூடும் என்று அப்படியே நின்றேன். கண்ணை மூடி, யா அல்லாஹ், இந்த டீச்சர் முன்னால் வேண்டாம், ரஃபீக் காதுக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொண்டேன். டீச்சரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அளவு எடுக்கும்போது எல்லாரும் செய்கிறதுதான். ஆளுக்கொரு காரணத்துக்காக இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

வலி விட்டது. பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைப் பார்த்தேன். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு இஞ்சு கூடிடுச்சு, ஒத்துக்கிறேன். அதுக்காக இப்படி அழுவணுமா பாயம்மா?"

மஞ்சள் ஜாக்கெட்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசி வேலை செய்யக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் மஞ்சள் துணியில் செய்யாதீர்கள். கொக்கி வைக்கும்போது விரலில் குத்துவது எங்களுக்குக் கொசு கடிக்கிற மாதிரி. விரலை வாயில் வைத்துவிட்டு அடுத்த கொக்கிக்குப் போவோம். அன்றைக்கு ரத்தம் நிற்கவே இல்லை. நான் பார்க்கும்போது ஜாக்கெட்டின் முன்பட்டியில் ஒரு பொட்டு விழுந்திருந்தது.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளை நூலை வாயில் போட்டு நன்றாக மென்று, ஈரத்தோடு கறைமேல் ஒற்றி ஒற்றி எடுப்போம். இடது கையில் பஞ்சைக் கட்டிக்கொண்டு, வாயில் நூலை மென்றுகொண்டிருந்தபோது ஜாக்கெட்டுக்குச் சொந்தக்காரி உள்ளே வந்தாள். எழுந்து சலாம் சொல்லவும் முடியவில்லை, வாங்க என்று சொல்லவும் முடியவில்லை. அவள் என்னையும், பஞ்சையும், ஜாக்கெட்டையும் பார்த்தாள். இரக்கமாகச் சொன்னாள்: "பசிச்சா வூட்டுக்குப் போய்ச் சாப்புட்டுட்டு வாங்கக்கா, நான் வெயிட் பண்றேன்."

மின்விசிறி

இதுவரைக்கும் சொன்னது சிரிக்கிற வலி. ஒருநாள் மத்தியானம், லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. இடது பக்கம் தோளுக்குக் கீழே ஆரம்பித்து முழங்கை வரைக்கும் இழுத்தது. வேர்த்துக் கொட்டியது. வேர்த்தால் வா என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஃபேன் ஓடவில்லை, அதனால் வேர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கையால் டேப்பைச் சுருட்டினேன். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை போய்விடும். சொல்லாமல் இருந்தால் என்ன போகும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

கரண்ட் வந்தது. ஃபேன் தலைக்கு மேலே நன்றாகச் சுற்றியது. வேர்வை நிற்கவில்லை.

அதற்கு மேல் அல்லாஹ்வுக்கு முன்னால் என்ன சாக்குச் சொல்வது? வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், சந்தை இரைச்சலில் அவர் எடுக்கவில்லை. ரஃபீக்குக்குப் போட்டேன். "வலிக்குதுப்பா" என்றேன். பையன் குரல் சின்ன வயசில் இருந்த மாதிரி வந்தது: "அம்மா, கதவப் பூட்டாதீங்க, அப்படியே ஒக்காருங்க, ஆட்டோவ நான் அனுப்பறேன்."

தோள்

ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தம், எல்லாம் பார்த்தார்கள். ஒருநாள் படுக்க வைத்துத் திரும்பவும் பார்த்தார்கள். துடிப்பு வரிசையில்தான் இருந்தது. இந்தத் தடவை இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. காறை எலும்புக்குக் கீழே விரலால் அழுத்தினார்கள், நான் கத்திவிட்டேன். எப்படி உட்கார்ந்து தைப்பீர்கள் என்று காட்டச் சொன்னார்கள். கட்டிலிலேயே உட்கார்ந்து, இல்லாத மிஷினில், இல்லாத துணியைத் தள்ளிக் காட்டினேன். ரஃபீக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான், சட்டையில் கம்பெனி அட்டை தொங்கியது.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தத் தடதடப்புக்குப் பிறகு இடது தோளை முன்னால் மடக்கி, நெஞ்சுக்குக் கதவு போட்ட மாதிரி வைத்துக்கொண்டு தைத்திருக்கிறேன், மாதக்கணக்காக. டாக்டரம்மா என் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார்கள். "நீங்க வந்தது சரிதான், இப்படி வேர்த்தா இனிமேலும் வரணும். ஆனா இது தசை வலி. இதயத்தக் காப்பாத்தறேன்னு அதுக்குப் பக்கத்து வூட்டுக்காரன வதைச்சிருக்கீங்கம்மா."

பூட்டு

மறுநாள் ரஃபீக் கடையைத் திறந்தான், மூடுவதற்காக. தைத்து முடித்ததைக் கொடுத்தனுப்பிவிட்டு, தைக்காத துணியைத் திருப்பித் தருவது அவன் திட்டம். நான் வீட்டில் படுத்திருந்தேன். மத்தியானத்துக்குள் செல்வி, டீச்சர், தேன் அம்மா எல்லாரும் வந்துபோய்விட்டார்கள். திருப்பிக் கொடுத்த துணியை ஒருத்தரும் கையால் தொடவில்லையாம். பாயம்மா எழுந்து வரட்டும் என்று அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார்களாம். செல்வி மட்டும் கூடுதலாக, ஜாக்கெட் பிட்டோடு ஒரு சேலையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சாயங்காலம் ரஃபீக் வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தான். எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டான். அந்தத் தடதடப்பு வந்த அன்றிலிருந்து என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணீர் என் புடவை ஓரத்தில் விழுந்ததை அவனே பார்க்கவில்லை, நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு கடைச் சாவியை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். "கடை இருக்கட்டும்மா. பூட்டுன்னு நான் சொன்னதுல கடை தப்பிச்சிருச்சு, வலிய மறைச்சு நீங்கதான் மாட்டிக்க இருந்தீங்க. இனிமே வலிச்சா எங்கிட்ட சொல்லுங்க, அவ்ளோதான்."

இப்போது வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், சொன்னதும் பாதி வலி ஒசூருக்குப் போய்விடுகிறது, மீதியை மடியில் வைத்துக்கொண்டு நான் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.