மாவில் வரைந்த தீவு

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பேக்கரி ஒன்றில் என்னோடு மா குழைத்தவள், டொமினிக்கா என்ற கரீபியன் தீவில் பிறந்தவள். ஒரு பனிக்காலக் காலையில் மேசையில் சிந்தியிருந்த மாவில் விரலால் தன் தீவை வரைந்தாள். நடுவில் மலைகள், கிழக்கே கொந்தளிக்கும் கடல், மேற்குக் கரையில் மீனவரான தகப்பனின் வீடு. முற்றத்து மரத்துக் காயை நெருப்பில் சுட்டு, அயலவர்களோடு கூடியிருந்து சாப்பிடுவார்களாம். காயின் ஜெர்மன் பெயர் தெரியாததால் அதையும் வரைந்தாள். விரித்த கைபோன்ற இலையைக் கண்டதும் எனக்கு விளங்கியது, ஈரப்பலா.

“எங்கட வளவிலயும் நிண்டது. நாங்கள் கறி வைக்கிறனாங்கள்,” என்றேன் அரைகுறை ஜெர்மனில்.

“இப்பவும் காய்க்குதோ?”

“தெரியாது. சண்டையில எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டினம்.”

அவள் மாவில் வரைந்த காயை விரலால் தொட்டாள்.

“எங்கட மரம் நிக்குது,” என்றாள் பிறகு. “அப்பாதான் இல்லை.”