வேறொரு உறையின் எண்

அவரை எல்லோரும் அட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர் என்று சிலர் சொல்வார்கள். தபால்தலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்காமல் உறையை மூடமாட்டார், அதனால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். தபால்தலைச் சங்கத்தில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருடமாக வேலை. முகம் தெரியாதவர்களின் வாய்கள் பிளாஸ்டர் அச்சுகளாக அவர் தலைக்கு மேல் அலமாரியில் வரிசையாக இருக்கும். மெழுகில் ஒரு பல் மயிரிழை சாய்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணும் கையும்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்தலைக்குப் போயின.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் சங்கம் கூடும். பதினைந்து பேர் வந்தால் அது மாநாடு. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கலாம் என்று ஆனபிறகு எல்லோருக்கும் ஆசை வந்தது, கூடவே பயமும் வந்தது. விரல் நகத்தளவு காகிதம் கடல் தாண்டி எத்தனை கை மாற வேண்டும்! அதனால் விற்றவர்கள் அட்டையிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அவரும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். பாடம் எடுத்துவிட்டுத்தான் வாங்குவார்.

"மழையில நனையாம பிளாஸ்டிக் கவர். மடங்காம அட்டை. மதிப்பு எவ்வளவோ அதை ஒளிக்காம சுங்கச் சீட்டுல எழுதணும். பதிவுத் தபால்தான், சாதாத் தபால் கிடையவே கிடையாது. அப்புறம், உறை மேல அழகழகா ஸ்டாம்ப் ஒட்டாதீங்க. உள்ளே என்ன இருக்குன்னு திருடனுக்கு நாமளே தண்டோரா போடணுமா?"

"இந்தாளு அனுப்பினா பிள்ளையைக்கூடக் கசங்காம அனுப்பிருவாரு" என்பார் சங்கத்தின் செயலாளரான வாட்ச் கடைக்காரர். அட்டை சிரிக்க மாட்டார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும். சோறு இல்லாமல் இருந்துவிடுவார், அது இல்லாமல் இருக்கமாட்டார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

சங்கத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பறவை படம் போட்ட தபால்தலைகளை மட்டும்தான் சேர்ப்பார். நீர்ப்பறவை படம் போட்ட நான்கு தபால்தலைகள் பிரிக்கப்படாமல் ஒன்றாக ஒட்டியிருந்த ஒரு பழைய கட்டம் அவரிடம் இருந்தது. வார்டில் நாற்பது நாள் கிடந்து பிழைத்த மாலுமி ஒருவர் வீடு திரும்பும் அன்று கொடுத்துவிட்டுப் போனது. சிஸ்டருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கண் தெரியாதவளிடம் இருந்து என்ன பயன், கண் தெரிகிறவர் கையில் போகட்டும் என்று விற்க முடிவு செய்தார். வாங்கியவர் தூர நாட்டில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்ப்பவர். தன் ஆல்பத்தில் அந்த நான்கு பறவைக்குப் பத்தொன்பது வருடமாக இடம் விட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

சிஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, அந்த மாலுமியின் கதையை இரண்டு பக்கம் எழுதினார். கட்டத்தையும் கடிதத்தையும் அட்டையிடம் கொடுத்தார்.

"பத்திரமாப் போயிருமா தம்பி?"

"நாளைக்கே அனுப்பிடறேன் சிஸ்டர். என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, மறந்துருங்க."

மறுநாள் மதிய இடைவேளையில் தபால் நிலையத்துக்குப் போனார். பதிவுத் தபால் ஜன்னலுக்கு முன்னால் பதினோரு பேர். கம்ப்யூட்டர் நின்றுவிட்டிருந்தது. "அரை மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம், எனக்கே தெரியாது சார்" என்றாள் உள்ளே இருந்த பெண். கூடத்திலிருந்து முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். மறுநாள் மேடை ஏறிப் பேச வேண்டிய ஒரு தலைமையாசிரியைக்குப் பல்செட் தயாராகவில்லை.

திரும்பிப் போய்விட்டு அடுத்த நாள் வந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 'நாளைக்கே' என்று சொன்ன வாய் அவருடையது. பக்கத்து ஜன்னலில் ஆள் இல்லை. அங்கே புதிதாக வந்த பறவை தபால்தலைகள் தாள் தாளாக இருந்தன. பியானோக்காரர் உறையைப் பார்த்ததுமே சந்தோஷப்படுவாரே என்று தோன்றியது. அதில் ஆறு வாங்கி வரிசையாக ஒட்டினார். சுங்கச் சீட்டில் மதிப்பை எழுதினால் கேள்வி கேட்பார்களோ என்று 'அன்பளிப்பு, காகிதம்' என்று எழுதினார். சாதாத் தபால் பெட்டிக்குள் போட்டார். கெட்டி அட்டையும் பிளாஸ்டிக் கவரும் தவிர, ஊருக்குச் சொன்ன பாடம் முழுவதையும் மீறுவதற்கு அவருக்கு ஏழு நிமிடம்தான் பிடித்தது.

சாயங்காலம் சிஸ்டர் போன் செய்தார். "போட்டாச்சா தம்பி? ரெஜிஸ்டர்தானே?"

"பின்னே?" என்றார் அட்டை.

மூன்று வாரம் கழித்துப் பியானோக்காரர், உறையை அனுப்பியவர் என்பதால் அட்டைக்கு எழுதினார். இன்னும் வரவில்லை, அவசரமில்லை, தகவலுக்காகக் கேட்கிறேன் என்று. ஐந்தாவது வாரம், பதிவு எண்ணை அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

அட்டையிடம் பழைய ரசீதுகள் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருந்தன. சிஸ்டரின் உறைக்கு இரண்டு நாள் முன்னால் அதே நாட்டுக்கு வேறொருவருக்கு அனுப்பிய உறையின் ரசீது கைக்கு வந்தது. எப்படியும் ஒரு வாரத்தில் சிஸ்டரின் உறை போய்ச் சேர்ந்துவிடும், அதுவரை ஆறப்போட ஒரு எண் வேண்டும், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த எண்ணைத் தட்டி அனுப்பினார். அனுப்பியபிறகு கை கழுவினார். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் விசாரித்தபோது, இன்னும் வரவில்லை என்று அவர் எழுதியிருப்பதாக அட்டை சொன்னார். வாட்ச் கடைக்காரர் குறுக்கே விழுந்தார். "எண்ணைக் குடுய்யா, பாத்துருவோம்." எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்க, அட்டை அதே எண்ணைச் சொன்னார். வாட்ச் கடைக்காரர் தன் போனில் தட்டினார். அறை முழுக்கக் கேட்கும்படி படித்தார்: "ஒப்படைக்கப்பட்டது! பதினெட்டு நாள் ஆச்சு! வாங்கி வெச்சுக்கிட்டு வரலேன்னு சொல்றான் பாரு, பச்சைத் திருடன்!"

இல்லை, அது வேறு எண் என்று அட்டை சொல்ல வேண்டிய நொடி அது. அந்த நொடி வந்தது, நின்றது, போய்விட்டது.

"பறவைதானே, பறந்துருச்சு" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அட்டையும் சிரித்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த லெட்டரப் படிச்சுட்டுமா இப்படிப் பண்ணாரு?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

அன்று மாலையே வாட்ச் கடைக்காரர், உலகம் முழுக்க உள்ள தபால்தலைக்காரர்கள் பார்க்கும் ஒரு இணையப் பக்கத்தில் பியானோக்காரரின் பெயரைப் போட்டு எச்சரிக்கை எழுதினார். கீழே எங்கெங்கோ இருப்பவர்கள் வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். பியானோக்காரர் அங்கே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அட்டைக்கு மட்டும் தனியாக எழுதினார்: 'எங்கள் தபால் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். இந்த எண்ணுள்ள உறை வடக்கே வேறு ஊரில் ஒரு அம்மாவுக்குப் போயிருக்கிறது. ரசீது மாறியிருக்கலாம், ஒருமுறை பாருங்கள். கடிதம் எழுதிய அம்மாவிடம், அது எனக்கு வரவில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள். படித்துவிட்டும் நான் பேசாமல் இருக்கிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.'

தப்பிக்கும் வழியைப் பியானோக்காரரே திறந்துவிட்டிருந்தார். 'ஆமாம், ரசீது மாறிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தப் பொய்யைக்கூட அட்டையால் எழுத முடியவில்லை. உண்மையையும் எழுத முடியவில்லை. ஒன்பது நாள் அப்படியே கிடந்தார். கூடத்தில் அவர் வைத்த கீழ்ப்பல் ஒன்று கோணலாகப் போய்த் திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஏங்க, பல்லைப் புடுங்கிக்கிட்டு வர்றவங்ககூட உங்களைவிட நல்லாச் சிரிக்கிறாங்க. என்னதான் ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அந்தக் கோப்பை எடுத்துப் பீரோ மேல வெச்சிருக்கீங்க?"

அவள் அதற்குமேல் தோண்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் சிஸ்டர் கூடத்துக்கே வந்துவிட்டார். படியில் தடவித் தடவி ஏறி வந்து, பிளாஸ்டர் தூசி படிந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு உதவி. அந்தச் செயலாளர் எழுதினதை அழிச்சிரச் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறார். நீ சொன்னாக் கேப்பார்."

"ஏன் சிஸ்டர்?"

"எடுத்துக்கிட்டா எடுத்துக்கட்டும். பத்தொன்பது வருஷம் தேடினவர், ஆசையில புத்தி தடுமாறியிருக்கும். என் ஸ்டாம்புனால ஒரு மனுஷன நாலு பேர் திட்டறது வேண்டாம். எனக்குத் தூக்கம் வரலை."

பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அட்டை அதை நிறுத்தினார்.

"அவர் எடுக்கலை சிஸ்டர்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நின்றுபோன கம்ப்யூட்டர், பக்கத்து ஜன்னல், ஆறு பறவைகள், சுங்கச் சீட்டில் எழுதிய பொய், வேறொரு உறையின் எண். முதலாளி போன் செய்ததை நடுவில் சொல்ல ஆரம்பித்து, அது சாக்குப்போல இருக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டார்.

"சாதாத் தபால்ல போட்டேன்னு சொல்லியிருந்தா நான் உன்னை என்ன பண்ணியிருப்பேன்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டீங்க."

"வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா உடனே ஓடிப்போய்ச் சொல்லுவோம். வெக்கம் பாத்தா ஆள் செத்துருவான். இதுல யாரும் சாகலேன்னு நெனச்சிட்ட, இல்ல?" குரலை உயர்த்தவே இல்லை. "எனக்குச் சொல்லிட்ட. அந்த ஆளுக்கு யாரு சொல்றது? திட்டினாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை அட்டை மாடி அறையில் எழுந்து நின்றார். உறை கட்டுவதைப் பற்றி ஏதோ புதிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து ஒருவர் நோட்டைத் திறந்தார். அட்டை சொல்லி முடிக்கும்வரை அந்த நோட்டு திறந்தே இருந்தது. அதில் ஒன்றும் எழுதப்படவில்லை.

வாட்ச் கடைக்காரர்தான் முதலில் பேசினார். "அடப்பாவி! என் பேர்லய்யா போட்டேன்! ஊர் உலகம் பாக்க ஒருத்தனைத் திருடன்னு என் பேர்ல எழுதியிருக்கேன்! அன்னைக்கு நான் படிச்சப்போ நீ எதிர்லதானே உக்காந்திருந்த?"

"ஆமா" என்றார் அட்டை.

வாட்ச் கடைக்காரர் தன் எச்சரிக்கையை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதன்கீழே அட்டை தன் முழுப் பெயரையும் போட்டு நடந்ததை எழுதினார். முன்பு பியானோக்காரரைத் திட்டியவர்களில் சிலர் அதே சொற்களால் இவரைத் திட்டினார்கள். மனைவி அழித்துவிடுங்கள் என்றாள். அவர் ஒவ்வொன்றையும் படித்தார், எதையும் அழிக்கவில்லை.

உறை போய்ச் சேர்ந்ததும் சிஸ்டரிடம் கொடுப்பதற்காகப் பியானோக்காரர் தன்னிடம் அனுப்பியிருந்த பணத்தை அட்டை அவருக்கே திருப்பி அனுப்பினார். கட்டத்தின் விலையைத் தன் கைக்காசிலிருந்து எடுத்து ஒரு கவரில் போட்டு சிஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சிஸ்டர் வாங்கிக்கொண்டார். "வாங்கலேன்னா உனக்குப் பெரிய மனசுன்னு நீயே நெனச்சுக்குவ" என்றார்.

பியானோக்காரரின் பதில் நான்கு நாள் கழித்து வந்தது. 'சொன்னதற்கு நன்றி. அந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதியவற்றை என் மகள் என்னிடம் காட்டினாள். அப்பா, இது நீங்களா என்று கேட்டாள். இனி அவளுக்குக் காட்ட என்னிடம் ஒன்று இருக்கிறது.' அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அட்டை அதைக் கூடத்தின் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தார்.

அந்த உறை கடைசிவரை எங்கும் வந்து சேரவில்லை. எடுத்தவர் யாரோ, எந்தத் தேசத்துப் பையில் கிடந்து மக்கியதோ.

அட்டை இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். போகாமல் இருந்துவிடுவது சுலபம் என்று தெரிந்ததால் போகிறார். சங்கத்தில் யாரும் அவரை விலக்கவில்லை. டீ வந்தால் அவருக்கும் ஒரு டம்ளர் வரும். ஆனால் உறைகளை இப்போது அவரவரே கொண்டுபோகிறார்கள். போன மாதம் சிஸ்டர் கையில் ஒரு உறை இருந்ததைப் பார்த்து, "குடுங்க சிஸ்டர், வெயிலா இருக்கு, நான் வரிசையில நின்னு போட்டுட்டு ரசீதக் கொண்டாந்து தர்றேன்" என்று கை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. எனக்கும் கொஞ்சம் நடக்கணும்" என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை, எப்போதும் பேசுகிற மாதிரிதான் சொன்னார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அட்டை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.